லீலாவதி, தகப்பன் பெயர் சிவன்

நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். எந்தக் கம்பெனியும் எனக்குச் சம்பளம் தரவில்லை, எந்த முதலாளியும் என்னை நிறுத்தவும் முடியாது. வேன் என்னுடையது. அது நடுவழியில் நின்றால் உதைக்கிறவனும் நான்தான், தள்ளுகிறவனும் நான்தான். ஃபீஜித் தீவில் பா ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மகேந்திராவின் மளிகைக் கடை இருக்கிறது. சுவாவிலிருந்தும் நாந்தியிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பார்சலெல்லாம் அந்தக் கடையில்தான் இறங்கும். அங்கிருந்து தவுவா, வட்டுகோலா, நடுவில் கரும்புக்குள் ஒளிந்துகிடக்கும் குடியிருப்புகள் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

சர்க்கரை மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நானும். எண்பத்தேழில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது என் மச்சான் இரண்டே மாதத்தில் சிட்னிக்குக் கிளம்பினான். வேனை விற்க நேரமில்லை, சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். இரண்டாயிரத்தில் மறுபடியும் பார்லிமெண்டில் துப்பாக்கி. அதற்குப் பிறகு எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பாஸ்போர்ட், பிறந்த சர்டிபிகேட், போலீஸ் சர்டிபிகேட், எக்ஸ்ரே என்று எல்லோரும் காகிதத்துக்கு அலைந்தார்கள். ஊரில் ஆள் குறையக் குறைய எனக்குப் பார்சல் கூடியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு நம்பர் கிடையாது. தெருவுக்குப் பெயர் கிடையாது, தெருவே கிடையாது. பார்சலின் மேல் ஒரு பெயர் இருக்கும். பக்கத்தில் எஃப், என் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து, பிறகு இன்னொரு பெயர். அந்த இரண்டு எழுத்துக்குத் தகப்பன் பெயர் என்று அர்த்தம். கூலிக் கப்பலில் வந்தவர்களை எந்தக் கிளார்க்கோ அப்படி எழுதிவைத்தான், அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடம், கோர்ட்டு, நிலப் பத்திரம், ஓட்டுப் பட்டியல், எங்கே போனாலும் கூடவே தகப்பனும் வருவார். ராமும் லீலாவதியும் ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் அந்த இரண்டு எழுத்துதான் எனக்குக் கண். தகப்பன் பெயரைச் சொன்னால் போதும், எந்த மாமரத்துக்குப் பின்னால் எந்த வீடு என்று தூக்கத்திலும் சொல்வேன்.

அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர். ஆள் கிடைக்காத பார்சலைத் திருப்பி அனுப்ப ஒரு சீட்டு உண்டு. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதி ஒட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியது. பதினாலு வருஷத்தில் அந்தச் சீட்டை நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. மகேந்திரா என்னைக் கேலி செய்வான், இந்த ஷாலேந்திரா சுடுகாட்டுக்கே போய் எழுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வருவான் என்று.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு மூக்கு நீளம். பார்சலைத் திறக்க மாட்டேன், அது சத்தியம். ஆனால் தொட்டுப் பார்ப்பேன், குலுக்கிப் பார்ப்பேன், மோந்தும் பார்ப்பேன். கருவாடு, மசாலா, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் எல்லாம் மூக்குக்கே தெரிந்துவிடும். காகிதம் என்றால் கைதான் சொல்லும். வெளிநாட்டுக்கு வா என்று கூப்பிடுகிற உறை தடியாக இருக்கும், நிரப்பவேண்டிய பாரமெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிற உறை மெலிசு. வேண்டாம் என்று சொல்ல எத்தனை தாள் வேண்டும்?

இரண்டாயிரத்தொன்று செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மகேந்திரா கடை வாசலில் வெள்ளை யூனிபாரத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வட்டுகோலாவில் நர்ஸ் வேலை பார்ப்பதாக இந்தியில் சொன்னாள். சுவாவில் இருக்கும் ஏஜெண்ட் அவளுடைய பாஸ்போர்ட்டை, நியூசிலாந்து விசா ஒட்டி, திங்கட்கிழமையே பஸ்ஸில் போட்டுவிட்டானாம். இன்னும் அவள் கைக்கு வரவில்லை. நாளை மத்தியானம் நாந்தியிலிருந்து விமானம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாட்டில் கால் வைக்காவிட்டால் விசா செத்துப்போகும், வேலையும் போகும். நாலு வயசு மகளை ட்ரெகேட்டியில் தகப்பனிடம் விட்டிருக்கிறாள். போய் ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று குழந்தைக்குச் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெயர் என்ன என்று கேட்டேன். லீலாவதி என்றாள். தகப்பன் பெயர்? சிவன்.

செவ்வாய்க்கிழமை அந்த உறையை நானே கொடுத்துவிட்டேன். ஆனால் இவளிடம் இல்லை.

உறை என் கண்முன் வந்து நின்றது. பழுப்பு நிறம், ஏஜெண்டின் ரப்பர் ஸ்டாம்பு பாதி விழுந்து பாதி விழாமல் இருந்தது. லீலாவதி, எஃப் என் சிவன், தவுவா. வட்டுகோலாக் கடிதமெல்லாம் தவுவா போஸ்டாபீஸ் வழியாகத்தானே போகும், ஏஜெண்ட் சோம்பேறித்தனமாக அதோடு நிறுத்தியிருக்கிறான். நானோ அதைப் பார்த்தவுடனே, ஆ, நம்ம சிவன் மகள், என்று வேனைக் கிளப்பிவிட்டேன். தவுவாவுக்கு இரண்டு மைல் முன்னால் கரும்பு போட்டிருந்தவர் சிவன். அவர் கரும்பை என் அப்பாவின் லாரிதான் மில்லுக்கு ஏற்றும். அவர் மகள் லீலாவதியை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ட்ரெகேட்டியில் நெல் போடுகிற இன்னொரு சிவன் இருப்பார், அவருக்கும் ஒரு லீலாவதி இருப்பாள், அவள் நர்ஸாகி வட்டுகோலாவுக்கு வந்திருப்பாள் என்று நான் கண்டேனா? எந்தச் சிவன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நர்ஸிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வழியெல்லாம் என் மண்டைக்குள் ஒரே கேள்வி. வேறொருத்தியின் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்த பெண், மூன்று நாளாக ஏன் சும்மா இருக்கிறாள்? என் வீடு அவளுக்குத் தெரியும், மகேந்திரா கடை போன் நம்பர் ரசீதிலேயே இருக்கிறது. அப்போதுதான் செவ்வாய்க்கிழமை நடந்ததும் ஞாபகம் வந்தது. எப்போது போனாலும் எலுமிச்சம்பழத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிறவள், அன்று ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, உறையைத் தோளில் கிடந்த ஓர்னித் துணிக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. ஒருவேளை பாஸ்போர்ட்டை விற்றுவிட்டாளோ? அந்த வருஷம் அப்படிப்பட்ட கதைகள் நிறைய உலவின. சிவன் மகளைப் பற்றி அப்படி நினைத்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அரவைக் காலம். தவுவாவுக்கு முன்னால் கரும்பு ரயில் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. அறுபது பெட்டியோ எழுபது பெட்டியோ, ஆமை வேகத்தில் நகர்ந்தது. நர்ஸ் ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவர் பாட்டுக்கு நெல் விதைத்துக்கொண்டிருக்கிறார், நிலத்தின் குத்தகை அடுத்த வருஷம் முடிகிறது, நிலத்துக்காரர்கள் மறுபடியும் குத்தகைக்குத் தருவார்களா என்று தெரியாது என்றாள். தமிழ் தெரியுமா என்றேன். அப்பாவுக்குத் தெரியும், தனக்குக் கோயில் பாட்டு நாலு வரி தெரியும், அர்த்தம் தெரியாது என்றாள்.

தவுவா லீலாவதி வீட்டு வாசலில் அவள் மாமியார் உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். லீலாவதியின் புருஷன் தேவேந்திரா வீட்டார் கல்கத்தா கப்பல் வழி வந்தவர்கள். எங்களை மதராஸி என்பார்கள், நாங்கள் அவர்களைக் கல்கத்தியா என்போம், கல்யாணமும் கட்டிக்கொள்வோம். தேவேந்திரா போன வருஷம் துப்பாக்கிச் சத்தம் அடங்குவதற்கு முன்பே கனடாவுக்கு விசிட்டிங் விசாவில் போனவன், திரும்பி வரவில்லை. நான் சித்தி முறையில் மௌசி என்று கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை கொடுத்த உறை தப்பாக வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்று இந்தியில் சொன்னேன். கிழவி துவரங்காயைக் கீழே வைத்தாள். உறையா, எந்த உறை, இந்த வீட்டுக்கு ஒரு மாதமாக எதுவும் வரவில்லையே என்றாள். உள்ளேயிருந்து லீலாவதி வந்தாள். அவளும் என் முகத்தைப் பார்த்து அதையே சொன்னாள். எதுவும் வரவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, இது யார் கையெழுத்து, நான் போட்டேனா, என் அப்பன் போட்டானா என்று சத்தம் போட்டேன். வேனில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நாளைக்கு அவள் விமானம் ஏறவேண்டும், பிள்ளை காத்திருக்கிறது என்றேன். கிழவி மருமகளைப் பார்த்தாள். மருமகள் ரசீதைப் பார்க்கவேயில்லை. காய்கறி விலை கேட்பதுபோல ஒரு குரலில், தமிழில் சொன்னாள்.

“அண்ணே, கத்தாதே. இவங்களுக்குத் தமிழ் தெரியாது. தண்ணி கேட்டு டாங்கியாண்ட வா.”

நாங்கள் எப்போதும் பேசிக்கொள்வது இந்திதான். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அவள் வாயில் தமிழ் வந்து நான் கேட்டது சிவன் செத்த அன்றைக்குத்தான். என் வாய் தானாக மூடிக்கொண்டது. வெயில் தாங்கவில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடு என்று இந்தியில் கேட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் டாங்கி. போகிற வழியில் சமையல்கட்டுக்குள் நுழைந்து மாவு டப்பாவுக்குள் கையை விட்டு உறையை எடுத்துவந்தாள். உறையும் கையும் வெள்ளை வெளேரென்று மாவு. நான் ஆவலாக வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. அவள் பிரிக்கவேயில்லை.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். பாஸ்போர்ட்டைவிட அதுதான் எனக்கு அப்போது தெரியவேண்டியிருந்தது.

டாங்கிக் குழாயைத் திறந்து விட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே சொன்னாள். தேவேந்திரா கனடாவிலிருந்து போன் செய்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். முதலில் இவளுக்கும் அவனுக்கும் பேப்பரில் மட்டும் டைவர்ஸ். பிறகு அங்கே பிரஜையாக இருக்கிற ஒருத்தியோடு பேப்பரில் மட்டும் கல்யாணம். அவனுக்கு அந்த நாட்டில் இருக்க உரிமை கிடைத்ததும் அவளைப் பேப்பரில் விட்டுவிட்டு இவளைக் கூப்பிட்டுக்கொள்வான். மூன்று வருஷம், அதிகமானால் நாலு. வக்கீலிடமிருந்து காகிதம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றிருக்கிறான். இந்தப் பேப்பர் கல்யாணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். எண்பத்தேழிலிருந்து எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். சிலர் சொன்னபடி வந்து அழைத்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். மாமியார் தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறாளாம். வந்தால் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள் என்றாள்.

“பேப்பர்ல மட்டும்னு சொல்றாரு. நம்ம கம்லேஷ் பெண்டாட்டிக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அவனுக்கு அங்க இப்ப ரெண்டு புள்ள. புள்ளைங்களும் பேப்பரா?”

சுவா ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்ததும் வக்கீல் காகிதம் என்று நினைத்திருக்கிறாள். சரி, அப்படியானால் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாமே என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதைச் சொல்லத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“தொட்டுப் பாத்தேன் அண்ணே. உள்ள கெட்டியா, புஸ்தகம் மாதிரி இருந்துச்சி. போறதுக்கு முந்தி என் போட்டோ நாலு, பாரம் எல்லாம் வாங்கினு போனாரு. ஒருவேளை மனசு மாறி என் பாஸ்போர்ட்டையே பண்ணி அனுப்பிட்டாரோன்னு. பிரிச்சா இல்லாம போயிடும்னு பயம்.”

மூன்று நாளாக இதே மாவில் ரொட்டி போட்டிருக்கிறாள். ஒவ்வொரு வேளையும் கை உள்ளே போகும்போது உறையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தொட்டுப் பார்த்து உள்ளே என்ன என்று ஊகிப்பது என் வித்தை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது விளையாட்டு. இவளுக்கு அது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது உன்னுடையது இல்லை, வேனில் இருக்கிற நர்ஸுடையது என்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள். பெயர் லீலாவதி, தகப்பன் சிவன், ஊர் தவுவா என்று எழுதியிருக்கிறதே, இது என்னுடையது இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது சரிதான். எனக்கு என்ன தெரியும்? நர்ஸ் சொன்னதுதான் தெரியும். இரண்டு லீலாவதி, இரண்டு சிவன், ஒரே உறை. பிரித்துப் பார்க்காமல் யாரிடம் கொடுத்தாலும் அது திருட்டுத்தான். எனக்கும் ஒரு நொடி, ஒரே நொடி, இவள் போட்டோ உள்ளே இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. நாளைக்கு விமானம் ஏறவேண்டியவளை வேனில் வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பொறுக்கமுடியாமல் நர்ஸே இறங்கி வீட்டைச் சுற்றி வந்துவிட்டாள். உறையைப் பார்த்ததும் நின்றாள். கை நீட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்த டாங்கிக்குப் பக்கத்தில் நின்றோம், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நீயே பிரி என்று தவுவா லீலாவதியிடம் சொன்னேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒட்டைப் பிரித்தாள்.

நீலப் பாஸ்போர்ட். முதல் பக்கத்தைத் திறந்தாள். போட்டோவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“பேரு என்னுது. அப்பா பேரும் என்னுது. மூஞ்சிதான் வேற.”

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளுக்குப் புரியவில்லை. நான் இந்தியில் சொல்லவில்லை. லீலாவதி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி விசா ஒட்டியிருந்த பக்கத்துக்கு வந்தாள். அதன்மேல் விரலால் தடவிப் பார்த்தாள், பளபளவென்று இருந்த இடத்தில் மாவு ஒட்டியது. உடனே ஓர்னி நுனியால் துடைத்தாள், கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள். அப்புறம் மூடி, இரண்டு கையாலும் நர்ஸிடம் கொடுத்தாள். உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டாள். ட்ரெகேட்டியில் இருக்கிறார் என்றாள் நர்ஸ். என் அப்பா இல்லை என்றாள் இவள். காலையிலிருந்து அழாத நர்ஸ் அப்போதுதான் அழுதாள். நான் குழாயை மூடப் போகிறவன்போலத் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது லீலாவதி வேன்வரை வந்தாள். வாசலில் மாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீலாவதி முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டு தமிழில் பேசினாள். வக்கீல் காகிதம் நிஜமாகவே ஒருநாள் வரும் என்றாள். அது வேறு யாரும் கொண்டுவரப்போவதில்லை, நீதான் கொண்டுவருவாய்.

“கொண்டாந்து இவங்க கையில குடுத்திடாதே. மொதல்ல எங்கிட்ட சொல்லு. தடியா இருக்கா, மெலிசா இருக்கான்னு சொல்லு. அது போதும்.”

சரி என்று தலையாட்டினேன். சரி என்று சொல்லும்போது அது எவ்வளவு பெரிய சரி என்று எனக்குத் தெரியாது. நர்ஸை வட்டுகோலாவில் இறக்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். நாந்திப் பக்கமிருந்து விமானம் ஏதாவது மேலே போகிறதா என்று நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். பாவிலிருந்து அது தெரியாது என்று மகேந்திரா சொன்னான். எனக்கும் தெரியும்.

நவம்பரில் ஆக்லாந்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அனுப்புகிறவர் லீலாவதி, எஃப் என் சிவன். பெறுகிறவர் லீலாவதி, எஃப் என் சிவன். மகேந்திரா அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தான். இந்தத் தடவை நான் போஸ்டாபீஸிலும் கேட்டேன், பக்கத்துக் கடையிலும் கேட்டேன், எந்தச் சிவன், எந்தச் சிவன் என்று. சாக்லேட்டும் ஒரு கம்பளிச் சட்டையும் இருந்ததாக லீலாவதி பிறகு சொன்னாள். ஃபீஜி வெயிலில் கம்பளிச் சட்டையை எங்கே போடுவது என்று சிரித்தாள்.

டிசம்பரில் அரவை முடிந்து மில் ஊதல் நின்றுபோன வாரம், சுவா பஸ்ஸில் அது வந்தது. நீளமான வெள்ளை உறை, வக்கீல் ஆபீஸ் ஸ்டாம்பு இந்தத் தடவை முழுதாக, அழுத்தமாக விழுந்திருந்தது. லீலாவதி, எஃப் என் சிவன். கீழே, தேவேந்திராவின் மனைவி என்று. எந்தச் சிவன் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. நான் அதைக் கையில் எடுத்தேன். தொட்டுப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன். இரண்டு தாள், மிஞ்சினால் மூன்று.

வேனில் உட்கார்ந்து நெடுநேரம் கிளப்பாமல் இருந்தேன். தடியாக இருக்கிறது என்று பொய் சொல்லலாமா? சொன்னால் பிரிப்பாள். காணாமல் போய்விட்டது என்று தவுவா ஆற்றில் போட்டுவிடலாமா? அப்படிச் செய்தால் பதினாலு வருஷம் நான் என்ன தொழில் செய்தேன்? தேவேந்திராமேல் எனக்கு ஆத்திரம் வந்தது, பிறகு அவன்மேலும் பாவமாக இருந்தது. யாருக்குத் தெரியும், அவன் உண்மையாகவேகூடச் சொல்லியிருக்கலாம். பேப்பரில் மட்டும் என்று சொன்னதை அவனே நம்பியிருக்கலாம். மெலிசான உறைக்குள் அதெல்லாம் தெரியாது.

நான் போனபோது மாமியார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், தபால் உண்டா என்று இந்தியில் கேட்டாள். உறையை வேனிலேயே வைத்துவிட்டு, சீட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தேன். லீலாவதி வாசற்படிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரலை ஏற்றாமல் இறக்காமல் தமிழில் கேட்டாள்.

“தடியா, மெலிசா?”

“மெலிசும்மா.”

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கரும்பு வெட்டி முடிந்த காட்டில் பெரிய வெளிச்சமாக இருந்தது, அந்தப் பக்கம் ரோடு வரைக்கும் பார்க்கலாம். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த சீட்டுப் புத்தகத்தைக் காட்டினாள்.

“அப்ப எழுது அண்ணே. அந்த மாதிரி ஆளு இங்க இல்லன்னு எழுது.”

எனக்கு எழுத வரவில்லை. பதினாலு வருஷமாக மேல் தாள் மஞ்சளாகிப்போய்ப் பேனாவே பிடிக்கவில்லை. கிழவி என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள். ஒரு பார்சலுக்கு ஆள் கிடைக்கவில்லை மௌசி, விசாரிக்கிறேன் என்றேன். இரண்டாவது தாளில் எழுதினேன். லீலாவதி, தகப்பன் பெயர் சிவன், அப்படி ஒருவர் இல்லை. எழுதி முடித்ததும் பழக்க தோஷம், புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டிவிட்டேன்.

அவள் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

“ஆளே இல்லன்னு எழுதிட்டு யாராண்ட கையெழுத்து கேக்கறே?”